குதிரையா, சைக்கிளா, குளமா, அடிமுறையா? குமரி மாவட்டத்தில் உடம்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

குதிரையேற்றம் உடம்புக்கு நல்லதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவருக்கு வாரத்தில் நான்கைந்து மணி நேரம்தான் மிச்சம். அதைக் குதிரைக்குக் கொடுப்பதா, சைக்கிளுக்கா, நீச்சலுக்கா, இல்லை ஊரிலேயே இருக்கும் ஆசானிடம் அடிமுறை என்னும் மரபுத் தற்காப்புக் கலையைக் கற்பதற்கா என்று கேட்டால், ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். வயது, எடை, முதுகு, முழங்கால், வீட்டிலிருந்து லாயத்துக்கு உள்ள தூரம், எல்லாமே அந்தப் பதிலை மாற்றும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கடற்கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்த, நாம் பத்து நிமிடம் குதிரைமேல் உட்கார்ந்து வருவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் செலவாவது சுமார் 44 கலோரி. ஒரு ஏத்தம்பழம் தரும் ஆற்றலில் பாதிகூட வராது. அங்கே கடிவாளம் நம் கையில் இல்லை, குதிரைக்கு வழி சொல்வதும் நாம் இல்லை. இந்தக் கட்டுரையில் குதிரையேற்றம் என்று சொல்வது, பழக்கப்பட்ட குதிரையில், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து, வாரம் இரண்டு முறையாவது தொடர்ந்து ஓட்டுவதைத்தான்.

ஆற்றல் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலை 1 மெட் என்று வைத்து மற்ற வேலைகளை அதன் மடங்காகச் சொல்வது மருத்துவ வழக்கம். மெட் எண்ணை எடையாலும் மணியாலும் பெருக்கினால் கலோரி கிடைக்கும். குதிரை நடந்தால் 3.8, ட்ராட் என்னும் துள்ளுநடை போனால் 5.8, கேன்டர் என்னும் மிதமான ஓட்டமோ முழுப் பாய்ச்சலோ என்றால் 7.3. மணிக்கு 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டினால் 6.8. நிதானமான நீச்சல் 5.8. மணிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் கைவீசி நடந்தால் 4.3.

முக்கால் மணி நேர வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 25 நிமிடம் நடை, 15 நிமிடம் ட்ராட், 5 நிமிடம் கேன்டர். 70 கிலோ ஆளுக்கு 255 கலோரி. அதே முக்கால் மணி சைக்கிளுக்கு 357, நீச்சலுக்கு 304, கைவீசிய நடைக்கு 226. எடை குறைப்பதுதான் ஒரே குறிக்கோள் என்றால் குதிரை சைக்கிளிடம் தோற்றுவிடும்.

ஆனால் குதிரையில் ஏறி இறங்குவது மட்டும் குதிரையேற்றம் ஆகாது. ஏறுவதற்கு முன் தேய்த்துத் துலக்க வேண்டும், குளம்பு நான்கையும் தூக்கிக் கொக்கியால் மண்ணும் சாணமும் எடுக்க வேண்டும், சேணம் தூக்கிக் கட்ட வேண்டும், இறங்கியபின் கழற்றிக் கழுவிவிட வேண்டும். இந்த வேலைக்கு 4.5 மெட். அரை மணி நேரம் செய்தால் இன்னொரு 157 கலோரி. இரண்டும் சேர்ந்தால் 412. லாயத்து வேலையை ஆளிடம் விட்டுவிட்டு நேரே ஏறி, இறங்கிக் காரில் கிளம்புகிறவர் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டுவிட்டுப் போகிறார். குதிரை நம்மைப் பழகுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

கலோரியில் வராத பலன்

குதிரை நடக்கும்போது அதன் முதுகு ஒரே நேரத்தில் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆடும், லேசாகத் திருகவும் செய்யும். மேலே இருப்பவரின் இடுப்பெலும்பு அதோடு சேர்ந்து நிமிடத்துக்கு நூறு முறை போல ஆடுகிறது. நாம் நம் காலால் நடக்கும்போது இடுப்பு எப்படி ஆடுமோ ஏறக்குறைய அப்படியே. அரை மணி நேரத்தில் மூவாயிரம் முறை அடிவயிற்றின் ஆழத் தசைகளும் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகளும் உடம்பை நடுவில் நிறுத்தப் பாடுபடுகின்றன. ஜிம்மில் வயிற்றுப் பயிற்சி செய்யும்போது எப்போது நிறுத்துவது என்பது நம் கையில். இங்கே தாளத்தைக் குதிரை வைக்கிறது, நடுவில் ஏமாற்ற வழியில்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையாகக் குதிரை நடையைப் பயன்படுத்துவதற்கு இந்த இடுப்பசைவே அடிப்படை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் 1944இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரசாஜ் போட்டியில் வெள்ளி வென்றார், 1956இல் மீண்டும் வெள்ளி.

ட்ராட் கதையே வேறு. மூலைவிட்டமாக இரண்டு கால்கள் சேர்ந்து தூக்கி வைக்கிற, இரண்டு தட்டு நடை அது. சேணத்தில் உட்கார்ந்தே இருந்தால் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் ஒரு தட்டுக்கு எழுந்து, அடுத்த தட்டுக்கு உட்கார வேண்டும். நிமிடத்துக்கு 70 முதல் 80 முறை எழுந்திருக்கிறோம். பத்து நிமிடத்தில் எழுநூறுக்கு மேல். தோப்புக்கரணம் அளவுக்கு ஆழமில்லை, கை ஊன்றவும் முடியாது. தொடையின் உள்பக்கத் தசைக்கு நடையிலோ சைக்கிளிலோ இந்த வேலை கிடைக்காது. முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது உள்தொடை பிடித்து இழுத்தால் பயப்பட வேண்டாம். வால் எலும்புக்குப் பக்கத்தில் குத்தி வலித்தால் மட்டும் உட்காரும் முறை தவறு என்று பொருள்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் முழங்காலால் சேணத்தைக் கவ்விப் பிடிப்பார்கள். முழங்கால் இறுகியதும் அது அச்சாணி மாதிரி ஆகிவிடும். கீழ்க்கால் பின்னால் போகும், குதிகால் மேலே தூக்கும், உடம்பு முன்னால் கவிழும். குதிரை சட்டென்று நின்றால் கழுத்துக்கு மேலே போய்விழுவோம். சரியான இருப்பில் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரே நேர்கோட்டில் இருக்கும், எடை குதிகால் வழியாகக் கீழே இறங்கும். இந்தக் கோட்டைப் பிடிப்பதற்கே சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். அது பிடிபட்டபின் நாற்காலியில் உட்காரும் விதமும் மாறத் தொடங்கும். கழுத்தைக் குனிந்தே வேலை பார்ப்பவர்களுக்குக் குதிரை செய்யும் பெரிய உபகாரம் இது.

எடை

இதை யாரும் முதலில் சொல்வதில்லை. குதிரை தாங்க வேண்டிய மொத்தச் சுமை, சேணத்தையும் சேர்த்து, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டுக் குதிரை ஒன்று 350 கிலோ இருக்கிறது என்று வைப்போம். அது தூக்கலாம் 70 கிலோ. சேணத்துக்கு 8 போனால் ஆளுக்கு மிச்சம் 62. இப்போது 85 கிலோ உள்ளவர் எடை குறைக்கக் குதிரை ஏற வருகிறார். அவருக்கு 465 கிலோ குதிரை வேண்டும். அந்த எடை இல்லாத குதிரைமேல் ஏறினால் அதன் முதுகு புண்ணாகும், தசைநார் வீங்கும், வலி பொறுக்காத நாளில் அது முதுகை வளைத்து உதறும். அவர் ஆறு மாதம் சைக்கிளும் நடையுமாக உடம்பை இறக்கிவிட்டுக் குதிரைக்கு வருவதே இருவருக்கும் நல்லது.

நம்மூர் வெக்கை, நம்மூர் மண்

குதிரையும் நம்மைப் போல வியர்த்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் மிஞ்சினால் வியர்வை காயாது. குதிரைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்ட வேண்டும். 130க்குள் என்றால் கவலையில்லை, 150ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும், 180ஐத் தொட்டால் ஏறவே கூடாது. விடிகாலையில் 26 டிகிரி செல்சியஸ், அதாவது 79 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 80 என்றால் கூட்டுத்தொகை 159. விடியும்போதே நம் கடற்கரை ஊர்கள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. அதனால் இங்கே காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். ட்ராட்டை மூன்று மூன்று நிமிடமாகப் பிரித்து நடுவில் நடக்கவிட வேண்டும், இறங்கியதும் தண்ணீர் ஊற்றி வழித்துவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குத்தான் வர முடியும் என்பவர்கள் மாசி முதல் வைகாசி வரை குதிரையை மறந்துவிடலாம்.

தரையும் முக்கியம். சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி நீளக் கடற்கரையைப் பார்த்தால் ஓட்டத் தோன்றும். காய்ந்த உதிரி மணலில் குளம்பு புதைந்து புதைந்து எழுந்தால் முன்காலின் பின்தசைநார் கிழியும். அலை வந்து திரும்பிய ஈரமான இறுகிய மணல்தான் ஓட்டத்துக்கு ஏற்றது, அதிலும் திடீர்ப் பேரலை எழும் கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் போகவே கூடாது. ரப்பர் தோட்டத்துப் பாதையில் நிழல் உண்டு. ஆனால் சிரட்டை கட்டிய கம்பி முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், மழைக்காலத்தில் செம்மண் சரிவு வழுக்கும். தென்னந்தோப்பில் மட்டை விழுந்தால் எவ்வளவு சாதுவான குதிரையும் மிரளும். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டு மழையும் வாங்கும் மாவட்டம் இது. திடல் சேறாகும், குளம்பின் நடுப்பகுதி அழுகி நாறும். தொடர் மழை வாரங்களில் வகுப்பு நின்றுபோகும் என்று முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

தூரம்

பக்கத்தில் முறையாகச் சொல்லிக்கொடுக்கும் இடம் இருந்தால் நல்லது. இல்லாமல் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு வழியே எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட. முக்கால் மணி நேரப் பயிற்சிக்குப் போக்குவரத்து நான்கு மணி நேரம். காரில் குறுகி உட்கார்ந்தே போய், குதிரையில் நிமிர்ந்த இடுப்பை வரும் வழியில் மறுபடி மடக்கிவிடுகிறோம். ஒரு வழிக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகுமென்றால் குதிரையை வாராந்திரப் பயிற்சியாக வைக்க வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

சைக்கிள்

இதயத்துக்கும் எடைக்கும் இந்த நான்கில் செலவு குறைந்து பலன் கூடிய வழி சைக்கிள். தோவாளை, பூதப்பாண்டி, சுசீந்திரம் பக்கம் நாஞ்சில் நாட்டு வயல்வெளிச் சாலைகள் சமதளம், தொடங்குவதற்கு ஏற்றவை. கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் அரை கிலோமீட்டருக்கு ஒரு ஏற்றம், தொடைக்கு நல்ல வேலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கடுமையானது, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அந்த மாதங்களில் முதலில் எதிர்க்காற்றில் போய், களைத்த பின் காற்று தள்ள வீடு திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி வந்தால் பெரும்பாலும் குற்றம் இருக்கை உயரத்தில் இருக்கும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் முழுதாக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். குறையைச் சொல்வதென்றால், எலும்புக்கு இதில் சுமை விழாது. முதுகு குனிந்தேதான் இருக்கும். பேருந்தும் டிப்பர் லாரியும் உரசிப்போகும் குறுகலான சாலையில் காலை ஆறு மணிக்கு முன் விளக்கில்லாமல் இறங்கக் கூடாது.

நீச்சல்

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் உடம்பு கனத்தவர்களுக்கும் இதை மிஞ்சியது இல்லை. குளத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. ஆனால் தேங்கிய, பாசி படிந்த குளத்தில் மூக்குவழி நீர் ஏறுவதால் வரும் அமீபா மூளைக்காய்ச்சல் 2024இல் பக்கத்துக் கேரளத்தில் பலருக்குக் கண்டறியப்பட்டது. அரிது என்றாலும் உயிர்க்கொல்லி. மூக்குக் கிளிப் போட வேண்டும், குதித்து முங்குவதைத் தவிர்க்க வேண்டும். குளோரின் போட்டுப் பராமரிக்கும் குளம் கிடைத்தால் அதுவே மேல். கடல் நீச்சலைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள்.

அடிமுறை

குதிரை தருவதில் பாதியை, அதாவது சமநிலையையும் இடுப்பு, உள்தொடை வலுவையும், வீட்டுப் பக்கத்திலேயே தரக்கூடியது நம் மண்ணின் அடிமுறை. சுவடு, அதாவது அதன் காலடி வரிசை, வைக்கும்போது இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றி, திரும்ப வேண்டும். ஒற்றைச் சுவட்டை மெதுவாக இருபது முறை செய்து பார்த்தால் உள்தொடை பேசும். எலும்புக்குச் சுமை விழுகிறது, மழை பெய்தால் களரிக் கூரைக்குள் செய்யலாம். முழங்கால் தேய்ந்தவர்கள் ஆசானிடம் முன்பே சொல்லி, தாழ்வைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குதிரை ஏற ஆசைப்பட்டு எடையோ தூரமோ தடுக்கிற யாருக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். நான்கு மாதம் சுவடு பழகியவர் குதிரைக்கு வரும்போது மற்றவர்களைவிடச் சீக்கிரம் நிமிர்ந்து உட்காருவார்.

யார் குதிரையைத் தவிர்க்க வேண்டும்

எலும்புத் தேய்வு உள்ளவர்கள், முதுகுத் தட்டு பிதுங்கிக் கால் மரத்துப்போகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு கட்டுக்குள் வராதவர்கள் ஏறக் கூடாது. குதிரைமேல் இருக்கும்போது தலை தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில் இருக்கிறது. பழகியவர்களும் விழுவார்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 தர முத்திரையுள்ள குதிரையேற்ற ஹெல்மெட் வேண்டும். பைக் ஹெல்மெட் கனத்துக் கழுத்தை இழுக்கும், காதையும் அடைக்கும். சைக்கிள் ஹெல்மெட் பின்மண்டையைச் சரியாக மூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட வேண்டும்.

செருப்பு கூடவே கூடாது, தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூவும் வேண்டாம். அரை அங்குலமாவது குதியுள்ள மூடிய ஷூ வேண்டும், ஏனென்றால் அந்தக் குதிதான் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அங்கவடி ஷூவின் அகலத்தைவிட ஒரு அங்குலம் கூடியிருக்க வேண்டும். விரல் நுனியைச் சேணத்தில் அங்கவடி வார் தொங்கும் கம்பியில் வைத்துக் கையை நீட்டினால், அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். அதுதான் தொடக்க நீளம். தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் உள்தொடையை உரித்துவிடும், ஒட்டிய டிராக் பேண்ட் போதும். லாயத்து மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும், பத்து வருடத்துக்குள் டெட்டனஸ் ஊசி போடாதவர்கள் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஆளுக்கு எது

நாற்பது வயதுக்குள், எடை ஒத்துவருகிறது, லாயம் பக்கத்தில், முதுகு கூன் விழுகிறது, மனம் எதிலும் நிலைக்கவில்லை. இப்படிப்பட்டவர் யோசிக்காமல் குதிரைக்குப் போகலாம். வாரம் இரண்டு வகுப்பு, மற்ற நாட்களில் மொத்தம் ஒரு மணி நேரம் கைவீசிய நடை. வாரத்துக்கு 150 நிமிட உழைப்பு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்பை அது எட்டும். சர்க்கரையும் தொப்பையும்தான் கவலை என்றால் சைக்கிள், கூட வாரம் இரண்டு நாள் அடிமுறை. மூட்டு வலியென்றால் நீச்சல். அறுபதைத் தாண்டி, முன்பு குதிரை தொட்டிராதவர் நடையையும் மெதுவான சுவடையும் பிடிப்பது நல்லது, விழுந்து இடுப்பு முறிந்தால் எழுவது கடினம்.

குதிரைதான் என்று முடிவு செய்தால், பணம் கட்டுமுன் லாயத்துக்கு ஒரு காலை சும்மா போங்கள். சேணம் கழற்றும் நேரத்தில் முதுகைப் பாருங்கள். தோள்மேட்டிலும் வயிற்றுவார் இறுகும் இடத்திலும் முடி உதிர்ந்தோ, அடிபட்ட இடத்தில் வெள்ளை முடி முளைத்தோ, புண்ணோ இருந்தால் சேணம் பொருந்தவில்லை. கொக்கியால் சுரண்டும்போது குளம்பு நாறுகிறதா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? மூக்கில் கட்டியாகச் சளி ஒழுகினால் கிளாண்டர்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய்க்கான பரிசோதனை ஆகும்வரை பக்கத்தில் போகக் கூடாது, அது மனிதருக்கும் தொற்றும். ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை பேரைச் சுமக்கிறது, எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு ஏறும்போது கவனியுங்கள். வயிற்றுவாருக்குள் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கியிருக்க வேண்டும். பல குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை ஊதி வைத்துக்கொள்ளும், நாலு அடி நடந்ததும் விட்டுவிடும், வார் தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரியும். ஐந்து நிமிடம் நடத்திய பின் உங்களை நிறுத்தி வாரை மறுபடி இழுத்துப் பார்க்கிற ஆசிரியர் கிடைத்தால், அந்த இடத்திலேயே சேர்ந்துவிடுங்கள்.